கண்ணில் படாத விரல்கள்

பாலோ தயிரோ முட்டையோ சேர்க்காமல் கெட்டியான சாலட் டிரெஸ்ஸிங்கை வீட்டிலேயே செய்வது எப்படி என்று சொல்லும் சமையல் குறிப்புகளை ஒரு வருடமாகப் படித்துவருகிறேன். கவிதையைப் படிக்கும் அதே கவனத்தோடுதான். ஏற்காட்டில் என் வீட்டுக்கு மாணவிகள் சிலர் விடுமுறைக்கு வந்தபோது இது தொடங்கியது. அவர்களில் ஒருத்தி வீகன். கன்றுக்கு உரிய பாலை நாம் எடுத்துக்கொள்வது பற்றி அவள் பேசியபோது மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தயிர்ப் பச்சடியை விட்டுவிட்டு அவளுக்காக முந்திரியை ஊறவைத்தேன்.

குறிப்பு எளிதுதான். அரைக் கப் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, கால் கப் தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, அரைத் தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்து வெண்ணெய்போல அரைக்க வேண்டும். முந்திரியின் கொழுப்பு நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்து நிற்கும். அதன் புரதமும் கடுகும் அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கும். வழவழப்பு அங்கிருந்துதான் வருகிறது. இங்கே காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். அப்படி ஒரு கொடியில் பறித்த பச்சை மிளகில் நாலைந்து மணிகளை நசுக்கிப் போட்டேன். கேரட்டும் வெள்ளரியும் அதில் புரண்டு நன்றாகவே இருந்தன.

மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்த இன்னொரு மாணவி பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். “எங்கம்மா முந்திரி உடைக்கப் போறாங்க மேம். ரேஷன் கடை மிஷின்ல விரல வெச்சா ரேகை விழமாட்டேங்குது” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. முந்திரி என்றதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது அது, அவ்வளவுதான்.

முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை அரித்துக் கொப்புளமாக்கும், விரல்களைக் கருக்கும். பண்ருட்டியிலும் கேரளத்தின் கொல்லத்திலும் உடைப்பதும் தோலுரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. சாம்பலையோ எண்ணெயையோ கையில் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். கூலி பெரும்பாலும் எடைக்குத்தான். பருப்பு உடையாமல் முழுசாக வந்தால்தான் நல்ல விலை. அப்படி முழுசாக எடுத்ததை நாம் மிக்ஸியில் போட்டு அரைக்கிறோம்.

அன்றிரவு குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தேன். கொடுமை கலக்காத உணவு, தூய்மையான உணவு என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. கரோல் ஜே. ஆடம்ஸ் 1990இல் வெளியிட்ட ‘இறைச்சியின் பாலின அரசியல்’ நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். இறைச்சி என்ற சொல் வந்ததும் விலங்கு மறைந்துபோகிறது, தட்டில் இருப்பதற்கும் உயிரோடு இருந்ததற்கும் உள்ள தொடர்பை மொழியே அறுத்துவிடுகிறது என்றார். பாலையும் முட்டையையும் பெண்ணுடலிலிருந்து பறிக்கப்படும் புரதம் என்றும் சுட்டினார். வீகன் உணவைப் பெண்ணியத்தோடு சேர்த்துப் பேசுகிற பலருக்கும் இந்நூல்தான் தொடக்கம். அதன் அளவுகோலையே இந்தக் குறிப்புகளின் மேல் வைத்துப் பார்க்கிறேன். பசு மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. அதே வாக்கியத்தில் முந்திரி உடைப்பவள் மறைந்துபோகிறாள்.

மறைப்பது இலக்கணம்தான். ‘ஊறவைக்கவும், அரைக்கவும், பரிமாறவும்.’ மூன்று வினைகளுக்கும் எழுவாய் கிடையாது. பத்து நிமிடத்தில் தயார் என்கிறார்கள். ஊறும் நேரம், பிளேடுக்கு அடியில் ஒட்டியதை வழிக்கும் நேரம், பாத்திரம் கழுவும் நேரம் எதுவும் அந்தப் பத்தில் இல்லை. செய்வது யாரென்று சொல்லாத இடத்தில் வீட்டுப் பெண் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதியது. அடுப்படி அவளுடையது என்பதில் அந்த நூலுக்குச் சந்தேகமே இல்லை. அங்கே நான் அதோடு முரண்படுகிறேன். ஆனால் அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, மூத்தவர்களின் சிடுசிடுப்பு இல்லாமல் ஒருத்தி தானே கற்றுக்கொள்ள வழிசெய்தது. சமைப்பவள் யாரென்று அதற்குத் தெரிந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் குறுந்தொகையின் 167ஆம் பாடல். கூடலூர் கிழார் பாடியது. மகளின் புதுக்குடித்தனத்தைப் பார்த்துவந்த செவிலி, தாயிடம் சொல்கிறாள். அந்தப் பெண் தயிரை விரலால் பிசைகிறாள், விரலைத் துடைத்த துணியைத் துவைக்காமலே உடுத்திக்கொள்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. கணவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் மலர்கிறது. வகுப்பில் இதை இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகச் சொல்லித்தான் வந்திருக்கிறேன். இப்போது விரல்களில் நிற்கிறேன். கவிதை அவற்றைக் காந்தள் பூவாகப் பார்த்தது. அழகாகவேனும் பார்த்தது. அவள் சாப்பிட்டாளா என்று அதுவும் கேட்கவில்லை.

நான் வாழும் மலைக்கும் இதே கதைதான். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் என்று 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்னின் பெயர் எழுதப்படுகிறது. அன்றுமுதல் பழம் பறித்த பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. நட்டுவைத்தவருக்குப் பெயர் இருக்கிறது, பறித்தவளுக்குக் கூடைக் கணக்கு மட்டும்.

இப்போது நான் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை ஊறவைத்து அரைக்கிறேன். முந்திரியின் வெண்மை வராது, நிறம் சற்று மங்கல். கடலை வாசனையை அடக்க எலுமிச்சை கூடுதலாக வேண்டும், ஒரு ஸ்பூன் எள்ளும் சேர்த்தால் கெட்டிப்படும். கடலையின் தொலி விரலைச் சுடாது. அதற்காக நான் தூய்மையாகிவிடவில்லை. கடலைச் செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து எடுப்பவர்களும் பெண்கள்தான். முந்திரியை எல்லோரும் விட்டுவிட்டால் அந்த மாணவியின் அம்மாவுக்குக் கூலி இல்லை. அவருக்கு வேண்டியது கையுறையும் கூடுதல் கூலியும். என் சாலட்டில் முந்திரி இல்லாமல் போவதால் அவருக்கு என்ன கிடைக்கும்?

விலங்கின் வலியைக் கணக்கில் எடுக்கும் அறம் எனக்கு வேண்டும். அதைக் கற்றுக்கொடுத்த மாணவியிடம் எனக்கு மதிப்பு உண்டு. அந்தக் கணக்கு பசுவோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம். விடுதிக்குப் போகும்போது அவள் முந்திரிக் குறிப்பை எழுதிக் கேட்டாள். எழுதும்போது எழுவாயைச் சேர்த்தேன்: ‘பண்ருட்டியில் ஒருத்தி கொட்டையை உடைத்தாள். நான் ஊறவைத்து அரைத்தேன். ஜாரை அவளுடைய மகள் கழுவினாள்.’ அளவுகளை அதன் கீழே எழுதினேன். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு பண்ருட்டிப் பெண்ணிடம் திரும்பி, “உங்கம்மா பேரு என்ன?” என்று கேட்டாள்.