கோட்டின் வாலைப் பாருங்கள்

பழைய கார் கண்காட்சிகளில் கூட்டம் எங்கே மொய்க்கும் என்று கவனித்திருப்பீர்கள். பானெட் திறந்திருக்கும் காரின் முன்னால்தான். எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு செல்ஃபியோடு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் காரின் பின்பக்கம் போங்கள். டிக்கி ஓரமாகக் குனிந்து, கன்னம் பாடியைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கமாகப் பாருங்கள். பலகை நேராக இருக்கிறதா என்று ஆசாரி பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே, ஒல்லியாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும். எதிரே நின்று பார்த்தபோது அது உங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் அதற்குப் பின்ஸ்ட்ரைப் என்று பெயர். இங்கிலாந்தில் கோச்லைன். நம்மூர் பெயின்டர்கள் லைனிங் என்பார்கள். மூன்றில் கோச்லைன் என்ற பெயரில்தான் கதை இருக்கிறது. கோச் என்றால் குதிரை வண்டி. மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களிலும் பெட்டியின் விளிம்புகளிலும் இப்படிக் கோடு இழுத்தார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. கட்டை கட்டையான ஆரக்கால் நடுவே வெளிர்நிறத்தில் ஒரு கோடு போனால் கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும், மரத்தின் தடிமனை மறந்துவிடும். தொந்தி உள்ளவர்கள் நெடுக்குக் கோடு போட்ட சட்டை தேடுவது எதற்காக? அதே தந்திரம்தான். பிறகு அந்த வண்டிப் பட்டறைகளே கார்களுக்கும் பாடி கட்டத் தொடங்கின. கோடும் கூடவே வந்துவிட்டது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ போன்ற சாதாரணக் குடும்பக் கார்கூட உடம்பில் கோட்டோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

கோட்டை ரசிக்க வேண்டுமானால் அதை இழுக்கும் பிரஷ்ஷை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது புதுப்பேட்டையில், சித்தப்பாவின் புல்லட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தபோது. கைப்பிடி குட்டை, மயிர் நீளம். இரண்டு அங்குல நீளத்துக்கு அணில் மயிர், வாள்போல ஒருபக்கம் சாய்வாக வெட்டியது. நீளமாக இருப்பதால் வயிற்றில் நிறையப் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். பாதிக் கோட்டில் வறண்டு போகாது. மயிர் முழுக்கப் படுத்தபடி ஊர்ந்து வருவதால் கையின் சின்னச் சின்ன உதறலெல்லாம் அந்த நீளத்துக்குள்ளேயே அமுங்கிவிடும்.

பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார். உடனே டேங்க்கில் வைத்துவிடவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு வாரப்பத்திரிகையின் வழவழ அட்டையில் முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் இழுத்தார். (பத்திரிகைக்கு எழுதுகிறவன் பார்க்கக்கூடாத காட்சி. ஆனால் அமெரிக்க ஸ்ட்ரைப்பர்களுக்கும் பளபளப்பான பத்திரிகைத் தாள்தான் தட்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.) அப்படி இழுத்தால்தான் மயிர் ஒன்றுசேர்ந்து உளிமுனை மாதிரி ஆகும், பெயின்ட் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதும் கைக்குத் தெரியும். கெட்டியாக இருந்தால் பிரஷ் பிடித்து இழுக்கும், ஓரம் பிசிறடிக்கும். தின்னர் அதிகமானால் கோடு இரண்டு பக்கமும் கசிந்து அகலமாகிவிடும். ஒரு சொட்டு தின்னர் விட்டு மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை டேங்க் விளிம்பில் ஊன்றி, பிரஷ்ஷைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தன் பக்கமாக இழுக்க ஆரம்பித்தார். வளைவு வந்தபோது மணிக்கட்டு திரும்பவில்லை. விரல்களுக்கிடையே பிரஷ்தான் மெல்ல உருண்டது.

"கை நடுங்காதாண்ணே?" என்று கேட்டேன்.

"பிரஷ்ஷைப் பாத்தாத்தான் தம்பி நடுங்கும். நான் ரெண்டு இஞ்ச் முன்னாடி பாத்துக்கிட்டிருக்கேன். இப்பப் பேசாத."

பேசாமல் நின்றேன். அன்றைக்குப் பார்த்ததைக் கொண்டுதான் இன்றுவரை கார்களில் கோடு பார்க்கிறேன்.

முதலில் வாலைப் பாருங்கள். கோடு முடிகிற இடம். கையால் இழுத்தவர் கடைசியில் பிரஷ்ஷை மெல்ல மெல்லத் தூக்குவார். அதனால் கோடு எலிவால்போல ஒடுங்கிக் காணாமல் போகும். ஒட்டிய டேப் என்றால் அங்கே பிளேடு வெட்டு தெரியும், சதுரமாக. கூராக நறுக்கியிருந்தாலும் ஒடுங்குவதில் ஒரு விறைப்பு இருக்கும். அடுத்தது கதவு இடுக்கு. டேப் இடுக்குக்குள் மடிந்து உள்ளே போயிருக்கும், அல்லது ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு தூசி பிடித்திருக்கும். கைக்கோடு விளிம்பில் நின்று அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒட்டு. எவ்வளவு பெரிய பிரஷ்ஷிலும் பெயின்ட் ஓரிடத்தில் தீர்ந்துதான் ஆக வேண்டும். மறுபடி தோய்த்துக்கொண்டு வந்து, ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே, விமானம் ஓடுபாதையில் இறங்குகிற மாதிரி, ஓடும் வேகத்திலேயே இறங்க வேண்டும். நல்ல கையாக இருந்தால் ஒட்டு தெரியாது. தெரியாததைத் தேடுவதில்தான் விளையாட்டே இருக்கிறது. நிறம் ஒரு விரற்கடை நீளத்துக்கு மட்டும் கொஞ்சம் அடர்ந்திருக்கிறதா? அங்கேதான் அவர் மூச்சு வாங்கியிருக்கிறார்.

இங்கிலாந்தின் குட்வுட் தொழிற்சாலையில் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களுக்கு இன்றும் கையால்தான் கோச்லைன் இழுக்கிறார்கள். மார்க் கோர்ட் என்பவர் அதற்குப் பேர்போனவர். முன்பு போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் 6 மீட்டர் வரை. ஆறு மீட்டரை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தூரமும் கோடு ஒரே அகலத்தில் வர வேண்டும், நடந்துகொண்டே இழுக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவுக்குப் போனால் கோட்டின் குணமே வேறு. 1950களில் அங்கே இளைஞர்கள் பழைய கார்களின் சின்னங்களையும் கைப்பிடிகளையும் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, மொழுமொழுவென்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அடைத்த இடத்தில் தேய்த்த தடம் தெரிந்தால் அதை மறைக்கக் கோடு உதவியது. கென்னத் ஹோவர்ட் (1929–1992) அந்தக் காலத்து ஆள். ஊர் அறிந்த பெயர் வான் டச். அப்பா போர்டு எழுதும் பெயின்டர். பையன் அப்பாவின் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கோட்டைக் கொடியாகப் படரவிட்டார். சின்னம் இருந்த இடத்தில் சிலந்தி, முகமூடி, சுடர், என்னவென்றே சொல்ல முடியாத உருவங்கள் எல்லாம் முளைத்தன. அந்த நாளில் மெர்சிடிஸ் 300எஸ்எல் ஒன்றுக்குத் தீச்சுடர் வரைந்துகொடுத்தார். கதவு மேல்நோக்கித் திறக்கும் அந்த விலையுயர்ந்த ஜெர்மன் காரில் பிரஷ் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் வரிசையில் வந்த டீன் ஜெஃப்ரீஸ் கோடு இழுக்கக் கற்றது ஜெர்மனியில். அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது, மேஜை நாற்காலிக்கும் பியானோவுக்கும் கோடு இழுக்கும் முதியவர் ஒருவரிடம். 1955இல் நடிகர் ஜேம்ஸ் டீன் விபத்தில் இறந்தபோது ஓட்டிவந்த போர்ஷே 550 ஸ்பைடரின் மேல் 130 என்ற எண்ணை எழுதியது தான்தான் என்று ஜெஃப்ரீஸ் சொல்லிவந்தார்.

இந்த வகைக் கோட்டைப் பார்க்கும்போது கோட்டை விட்டுவிடுங்கள். கம்பிக் கோலம் போட்டுப் பழகிய கண் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: கோடுகளுக்கு நடுவில் அடைபட்ட இடங்களைத்தான் பார்க்க வேண்டும். அவை ஒன்றுக்கொன்று அளவாக இருக்கின்றனவா, எங்காவது நெரிசல் தட்டுகிறதா என்று. பிறகு பானெட்டின் நட்டநடுவே நின்று இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒருபக்கம் முதலில் வரைந்தது, மறுபக்கம் அதைப் பார்த்து வரைந்தது. முதல் பக்கத்தில் துள்ளல் இருக்கும். இரண்டாவது பக்கம் கொஞ்சம் யோசித்து யோசித்து வந்திருக்கும். எது எது என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு காபி குடித்துக்கொள்ளலாம்.

கையா டேப்பா என்று துருவத் தேவையில்லாத கார்களும் உண்டு. 1972இல் லோட்டஸ் பந்தய அணி ஜான் பிளேயர் சிகரெட்டின் கறுப்பும் தங்கமுமாகக் களம் இறங்கியது. எமர்சன் ஃபிட்டிபால்டி அந்த ஆண்டு உலக சாம்பியன் ஆனார். அதே சூட்டில் லோட்டஸ் யூரோப்பா ஸ்பெஷல் என்ற சாலைக் காரும் கறுப்பு உடம்பில் தங்கக் கோட்டோடு வந்தது. அதன் உயரம் 42 அங்குலம்தான். கறுப்பு காரின் வளைவு நெளிவை எல்லாம் விழுங்கிவிடும் நிறம். ராத்திரியில் எருமை நிற்பது தெரியாதது மாதிரி. அந்த உருவத்தை நமக்கு மீட்டுத் தருவது தங்கக் கோடுதான். கோட்டை மனதுக்குள் அழித்துவிட்டு அந்தக் காரை ஒருமுறை பாருங்கள், அப்புறம் மறுபடி போட்டுப் பாருங்கள்.

இதே சோதனையை 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் செய்தால் விடை தலைகீழ். அந்த உடம்பில் எங்கே கோடு போட்டாலும் அது முகத்தில் ஈ உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பின்னாளில் ஆசைப்பட்டு யாரோ சிவப்புக் கோடு போட்ட ஈ-டைப் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். போட்ட கை நல்ல கை என்பதுதான் கூடுதல் வருத்தம்.

பழுதுபார்த்துப் புதுப்பித்த கார்களிடம் கொஞ்சம் சந்தேகத்தோடே இருங்கள். கம்பெனியில் அன்றைக்குக் கோடு இழுத்தவர் நாளுக்குப் பல கார்களுக்கு இழுத்தவர். அவர் கோட்டில் மெல்லிய ஓர் அலைவு இருந்திருக்கும். இன்றைய புதுப்பிப்பில் அந்த அலைவு போய், அடிஸ்கேல் வைத்ததுபோல வந்து நிற்கிறது. பரிசு அதற்குத்தான் கிடைக்கிறது. பாதி மங்கி, மெழுகு தேய்த்துத் தேய்த்து சில இடங்களில் அற்றுப்போன பழைய கோடு கண்ணில் பட்டால் நான் அங்கேதான் அதிக நேரம் நிற்பேன்.

இதற்கெல்லாம் குட்வுட்டோ கலிஃபோர்னியாவோ போக வேண்டியதில்லை. 1955 முதல் சென்னையில் உருவாகிற புல்லட்டின் பெட்ரோல் டேங்க்கில் தங்கக் கோட்டைக் கையால் இழுக்கும் வழக்கம் ராயல் என்ஃபீல்டில் உண்டு. எல்லா மாடலிலும் கைக்கோடு இருக்காது, ஸ்டிக்கரும் உண்டு. அதனால்தான் கண்ணைப் பழக்க அது நல்ல பள்ளிக்கூடம். எந்தக் கல்யாண மண்டப வாசலிலும் நாலு புல்லட் நிற்கும். தொடாமல் பாருங்கள். உரிமையாளர் வந்துவிட்டால் விஷயத்தைச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவரும் கூடவே குனிவார்.

சித்தப்பாவின் வண்டிக்கு முதலில் வேறொரு கடையில் பெயின்ட் அடித்திருந்தார்கள். கையால் லைனிங் என்று காசு வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் பெட்ரோல் மூடியருகே அது உரிந்து சுருண்டது. அதன் பிறகுதான் புதுப்பேட்டை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வெயில் சாய்ந்து டேங்க்கின் மேல் விழுந்த நேரத்தில், இத்தனை வருஷமாகத் தேடிய ஒட்டு கிடைத்தது. வலதுபக்கம், முட்டி உரசும் பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால், அரை அங்குல நீளத்துக்குத் தங்கம் கொஞ்சம் கனத்திருந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்கடா?" என்றவர், குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடி எடுத்துவர உள்ளே போனார்.