டிஸ்கை மாற்றுமுன் டயல் வைத்துப் பாருங்கள்

ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் எந்த மெஷின் ஷாப்புக்குள் நுழைந்தாலும் டயல் இண்டிகேட்டர் இல்லாத மேசையைப் பார்ப்பது கடினம். சுருக்கமாக ‘டயல்’ என்பார்கள். லேத்தில் ஜாப் மாட்டினால் டயல், ஃபிக்சர் செட் செய்தால் டயல். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினால்கூட முள் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நான் பார்த்தவரை, இதே சாலையோரத்து கார் ஒர்க்‌ஷாப்புகளில் பிரேக் சத்தம் என்று போய் நின்றால் டயலை யாரும் எடுப்பதில்லை. “டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஓய்வு நாளில் ஓட்டி மகிழ ஒரு ஸ்போர்ட்ஸ் காரோ, டிராக்குக்காகத் தயார்செய்த ஹாட்ச்பேக்கோ வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய முதல் அளவுக் கருவி இது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இன்ஜின் கோடு படிக்கும் ஸ்கேனரெல்லாம் பிறகுதான்.

என் கார் இரண்டாவது வகை. வல்லக்கோட்டையில் வீட்டு வாசலில் நிற்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஓட்டுவதற்கென்றே சஸ்பென்ஷனும் பிரேக் பேடும் மாற்றியது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அந்த டிராக், 1990இல் பந்தயம் தொடங்கியது, சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. நேர்கோட்டில் முழு வேகத்தில் வந்து வளைவுக்கு முன் அழுத்தி மிதிப்பதைச் சுற்றுக்குச் சுற்று செய்தால் டிஸ்க் படும் சூடு, ஊர்ச்சாலையில் ஒரு மாதம் ஓட்டினாலும் வராது.

வந்த தொல்லை இரண்டு. எண்பதுக்கு மேல் வேகத்தில் மிதித்தால் பெடலும் ஸ்டியரிங்கும் சக்கரம் சுற்றும் கதியில் அதிர்ந்தன. கிருத்திகை நாளில் முருகன் கோயில் கூட்டத்துக்கிடையே ஊர்ந்தால் முன் வலது சக்கரம் காதைத் துளைக்கும் கீச்சொலி போட்டது. இந்த இரண்டையும் ஒரே கோளாறாகப் பார்ப்பதிலிருந்துதான் வீண்செலவு தொடங்குகிறது. அதிர்வு என்பது டிஸ்கின் வடிவம் சார்ந்தது, சக்கர வேகத்தோடு கூடும், குறையும். கீச்சொலி என்பது பேடும் டிஸ்கும் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுவதால் பிறக்கும் உயர் அலைவெண் நடுக்கம். நொடிக்கு ஆயிரம் முதல் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதன் சுருதி பெரிதாக மாறாது. கண்ணை மூடிக் கேட்டாலே பிரித்துவிடலாம்.

முதலில் அதிர்வு. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரம் போனதும் டிஸ்க் ஹப்பின் மேல் தளர்வாக ஆடும். அப்படியே டயல் வைத்தால் வரும் கணக்கு பொய். வீல் நட்டுகளுக்கு அடியில் தடிமனான வாஷர் போட்டு, டிஸ்க் ஹப்போடு ஒட்டி உட்காரும்படி எல்லா நட்டையும் இறுக்க வேண்டும். பிறகு டயலின் முனையை டிஸ்கின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே, தளத்துக்குச் செங்குத்தாக வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, டிஸ்கைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். அளப்பதற்கு முன்பே டிஸ்கை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது நல்லது. அப்போதே முள் ஆடினால் கோளாறு வீல் பேரிங்கில். பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை.

என் டிஸ்கில் முள் காட்டிய வித்தியாசம் 0.09 மில்லிமீட்டர். பெரும்பாலான கார்களுக்கு 0.05 ஒட்டித்தான் எல்லை வைத்திருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் புது டிஸ்க் மாட்டச் சொல்லும் அளவு இந்த 0.09தான். நான் டிஸ்கைக் கழற்றி ஹப்பின் முகத்தைப் பார்த்தேன். மழைக்காலத் துரு தோல் தோலாகப் படிந்திருந்தது. கம்பி பிரஷும் எமரி பேப்பரும் கொண்டு தேய்த்து, டிஸ்கின் உட்புறத்தையும் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் 0.05. ஒரு ஸ்டட் தள்ளி வைத்துப் பார்த்தால் இன்னும் குறைந்தது. இன்னொரு ஸ்டட் தள்ளினால் 0.03. ஹப்பின் கோணலும் டிஸ்கின் கோணலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம் அது. அந்த நிலையை இரண்டிலும் மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டேன். செலவு எமரி பேப்பர் மட்டும்.

டிஸ்க் சூட்டில் வளைந்துவிடுகிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வார்ப்பிரும்பு டிஸ்க் அவ்வளவு எளிதில் வளையாது. கொஞ்சம் கோணலாக உட்கார்ந்த டிஸ்க், பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மட்டும் தேய்கிறது, அல்லது பேடின் பொருள் அங்கே திட்டாக ஒட்டுகிறது. நாளடைவில் டிஸ்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். இந்த மாறுபாடு 0.015 மில்லிமீட்டர் இருந்தாலே கால் உணரும். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே அதிர்வு திரும்பி வருவதன் காரணமும் இதுதான். தடிமனை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். டிஸ்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பு தடுப்பதால் வெர்னியர் சரியாக உட்காராது. டிஸ்கிலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இனி கருவியின் குறைகள். நான் வாங்கியது சாதாரண பிளஞ்சர் வகை: 10 மில்லிமீட்டர் வீச்சு, 0.01 துல்லியம், முள் ஒரு சுற்று சுற்றினால் 1 மில்லிமீட்டர். இந்த வேலைக்கு இதற்கு மேல் தேவையில்லை. புனேயில் தயாராகும் பேக்கரும் ஜப்பானின் மிட்டுடோயோவும் இங்கே ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் நம்பும் பெயர்கள். சென்னை பாரிமுனையின் டூல்ஸ் கடைகளில் இரண்டும் கிடைக்கும். தொல்லை கொடுப்பது டயல் இல்லை, அதைத் தாங்கும் மேக்னட் ஸ்டாண்டுதான். பல கார்களில் நக்கிள் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஸ்ட்ரட்டின் இரும்புக் குழாயில் ஒட்டினால் வளைவில் நழுவுகிறது. பாம்புபோல் வளையும் கை கொண்ட ஸ்டாண்டு எந்த மூலைக்கும் போகும் என்று ஆசையாக வாங்கினேன். டிஸ்க் சுற்றும்போது அந்தக் கையும் சேர்ந்து அசைகிறது. முள்ளின் ஆட்டத்தில் டிஸ்க் பங்கு எவ்வளவு, கை பங்கு எவ்வளவு என்று தெரியாத அளவு எதற்கும் உதவாது. கடைசியில் காலிப்பர் பிராக்கெட்டின் போல்ட் துளையில் ஓர் இரும்புப் பட்டையை முடுக்கி, அதில் காந்தத்தை வைத்ததும் முள் நிலையாக நின்றது. டயலும் ஸ்டாண்டும் சேர்ந்து ஒரு செட் டிராக் பேட் விலையைத் தாண்டாது.

கீச்சொலிக்கு டயல் உதவாது. கண்ணும் கையும் போதும். உள்பக்கப் பேட் ஒரு முனையில் தேய்ந்து ஆப்புப்போல் சாய்ந்திருந்தது. காலிப்பரின் கீழ் ஸ்லைடு பின் அசையவே இல்லை. யாரோ முன்பு சாதாரண கிரீஸ் போட்டிருக்கிறார்கள். ரப்பர் பூட் ஊதி, பின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோலியம் கலந்த கிரீஸ் இந்த ரப்பருக்கு ஆகாது. பூட்டை மாற்றி, பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கோன் கிரீஸ் தடவியதும் பின் விரலால் தள்ளினாலே ஓடியது. பேடின் காதுகள் உட்காரும் கிளிப்பில் செம்மண்ணும் துருவும் இறுகிக் கிடந்தன, அதையும் சுரண்டினேன். தூசியை ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும்.

அந்த ஆஸ்பெஸ்டாஸ் டிஸ்க் பிரேக்குக்குள் வந்ததே சத்தத்தை அடக்கத்தான். பிரிட்டனில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது பேடாக வைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த அலறல் தாங்க முடியாததாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஹெர்பர்ட் ஃபுரூட் ஆஸ்பெஸ்டாஸ் பூச்சு கொண்டு அதைத் தணித்தார். நுரையீரலைக் கெடுக்கும் அந்தப் பொருளுக்கு மாற்று தேடும் வேலை பிறகு உலகெங்கும் பல பத்தாண்டுகள் நீண்டது. பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானேயின் பிரேக் லைனிங் பிரிவு, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று சென்னையைச் சுற்றியே இத்தனை பிரேக் தொழில் இருப்பதால், பேட் கலவையின் நுணுக்கம் தெரிந்தவர்கள் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்பதில்லை என்பதே என் வருத்தம்.

ஸ்லைடு பின் ஓடத் தொடங்கியதும் கீச்சொலி பாதி அடங்கியது. மீதி, டிராக் பேடின் குணம். உலோகம் மிகுந்த அந்தக் கலவை சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். சூடு ஏறாத ஊர்ச்சாலையில் கத்தும். பின்புறம் ஷிம்மும் பேஸ்டும் வைத்தால் குறையும், போகாது. எனவே சாலைக்கு செராமிக் பேட் ஒரு செட், டிராக்குக்கு இன்னொன்று என்று பிரித்துவிட்டேன். இதிலும் ஒரு கவனம்: ஒவ்வொரு கலவையும் டிஸ்கில் தன் படலத்தை விட்டுச்செல்லும். பேட் மாற்றும்போதெல்லாம் பழைய படலத்தை எமரியால் எடுத்து, புதிதாகப் பழக்க வேண்டும். ஷிஃப்ட் பஸ்களும் பாடி கட்டாத லாரி சேசிஸ்களும் ஓயாத ஒரகடம் சாலை அதற்கு உகந்ததல்ல. பின்னால் வண்டி வராத நேர்ச்சாலையில் அறுபதிலிருந்து பத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை இறக்கி, பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கை மிதித்தபடி நின்றால் பேட் அந்த இடத்திலேயே திட்டாக ஒட்டும்.

சக்கரம் மாட்டும்போது ஏர் கன்னை ஒதுக்கிவிட்டு, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். நட்டுகளின் இறுக்கம் சமமில்லாவிட்டால் 0.03க்குக் கொண்டுவந்த டிஸ்க் மறுபடி கோணலாகும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.