கால் பங்கு விலகல்

இருட்டடித்த ஆய்வறை. மேசைமேல் கற்கண்டுத் துண்டு அளவில் ஒரு பேரியம் டைட்டனேட் படிகம். ஒரே லேசரிலிருந்து பிரிந்த இரண்டு பச்சைக் கற்றைகள் அதற்குள் குறுக்கே கடந்து எதிர்ச்சுவரில் விழுகின்றன. ஒன்று வலியது, மற்றது மெலிந்தது. முதல் கணத்தில் ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருங்கள். ஓரிரு நொடிகளில் மெலிந்த புள்ளி மெல்ல மெல்லச் சுடர்விடும். வலிய புள்ளி மங்கும். ஒளி நடத்தும் கொடுக்கல் வாங்கல் இத்தனை நிதானமாக நடப்பதே முதல் அழகு.

காற்றில் இரு கற்றைகள் குறுக்கிட்டால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போய்விடும். படிகத்தில் அப்படியில்லை. குறுக்கிடும் இடத்தில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிப் பட்டைகளாகின்றன. 514.5 நானோமீட்டர் பச்சைக் கற்றைகள் 30 பாகையில் சந்தித்தால் பட்டை இடைவெளி ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர். வெளிச்சப் பட்டைகளில் விடுபடும் மின்னூட்டங்கள் அலைந்து திரிந்து, இருட்டுப் பட்டைகளில் சிக்கிக்கொள்கின்றன. அந்தப் பயணத்துக்குத்தான் அந்த நொடிகள்.

நயம் இனிமேல்தான். மணல்மேட்டின் உச்சியிலும் சரிவில்லை, பள்ளத்தின் அடியிலும் சரிவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் செங்குத்து. அதுபோல, சிக்கிய மின்னூட்டங்கள் எழுப்பும் மின்புலம் உச்சம் பெறுவது வெளிச்சத்திலும் அல்ல, இருட்டிலும் அல்ல, இடைப்பட்ட விளிம்பில். அந்தப் புலத்தால் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணும் அங்கேயே மிகுதியாக மாறுகிறது. ஆக, ஒளிப்பட்டைகள் ஓரிடம். அவை பொறித்த வரிகள் கால் பங்கு தள்ளி, 0.25 மைக்ரோமீட்டர் விலகி.

அந்த விலகல் எதற்கு? ஊஞ்சல் ஆட்டியவர்களுக்குத் தெரியும். கோடியில் நிற்கும் ஊஞ்சலைத் தள்ளிப் பயனில்லை. அடியில் விரையும்போது போகிற திசையில் தள்ளினால் வீச்சு கூடும், எதிர்த்துத் தள்ளினால் அடங்கும். பொறித்த வரிகளும் ஒவ்வொரு கற்றையிலிருந்தும் சிறிது ஒளியை மற்றதன் பாதையில் திருப்புகின்றன. கால் பங்கு விலகலால் ஒரு பக்கம் அது அலையோடு அலையாகச் சேர்கிறது. மறுபக்கம் எதிரலையாகி அழிக்கிறது. விலகல் இல்லாவிட்டால் பண்டமாற்று உண்டு, லாபநட்டம் இல்லை. படிகத்தை அச்சு தலைகீழாகும்படி திருப்பி வையுங்கள்: வாங்கியது கொடுக்கும், கொடுத்தது வாங்கும்.

1966இல் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் சகாக்களும் லித்தியம் நியோபேட் படிகத்தில் மின்னூட்டங்களின் இதே அலைச்சலின் விளைவைக் கண்டார்கள். கற்றை குலைந்ததால் அவர்கள் வைத்த பெயர் ‘ஒளிச்சேதம்’.

மீண்டும் நம் மேசைக்கு வருவோம். மெலிந்த கற்றையில் ஒரு படத்தை ஏற்றி, வலிய கற்றையை வேண்டுமென்றே கசக்கி அனுப்பினாலும், சுவரில் படம் கசங்காமலே பிரகாசமாகிறது. வலியதன் ஒளி வந்து சேர்கிறது. அதன் கோணல் வருவதில்லை. சேதம் என்று பெயர் வாங்கிய ஒன்று, இன்னொன்றின் சேதத்தை இத்தனை கவனமாக வடிகட்டி நிறுத்துகிறது.