மேரி லீ ஹூவின் பொன்னிழைகளும் பெல்வியூ கலை அருங்காட்சியகமும்

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு ஏரியின் மறுகரையில் உள்ள நகரம் பெல்வியூ. அங்குள்ள கலை அருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டில் இரு கண்காட்சிகளைத் தொடங்கியது. முதலாவது, உலோகக் கலைஞர் மேரி லீ ஹூவின் அணிகலன்களுக்கானது. அடுத்தது, அமெரிக்க வடமேற்குப் பகுதிக் கலைஞர்களின் இழைக்கலைப் படைப்புகளுக்கானது. நகை வேறு, நெசவு வேறு என்ற வழக்கமான பிரிவினை முதல் கண்காட்சியிலேயே ஆட்டம் கண்டது.

ஹூ (பிறப்பு 1943) 1960களில் மாணவியாக இழைக்கலை பயின்றபோது, நூலுக்குப் பதிலாக உலோகக் கம்பியைக் கொண்டு பின்னிப் பார்த்தார். பின்னர் கூடை முடைவோரின் முறை ஒன்றே அவரது முதன்மை உத்தியாயிற்று. சாதாரண நெசவில் ஊடை, பாவின் மேலும் கீழுமாக மாறிமாறிச் செல்லும். இம்முறையிலோ இரண்டு ஊடைகள் ஒன்றையொன்று முறுக்கியபடி ஒவ்வொரு பாவையும் கவ்விச் செல்கின்றன. பாவுக்கம்பியை வளைத்தால் பின்னலும் உடன் வளையும். அதனால் கழுத்தணியின் வளைவு பின்னலிலேயே பிறக்கிறது. இவற்றில் பெரும்பாலும் கல் பதிப்பு இல்லை. கல் நகையில் பார்வை கல்லோடு நின்றுவிடும்; இங்கு அது வரி வரியாகப் பின்னலைத் தொடர்கிறது. பொன்னின் விலை மறந்து வேலைப்பாடு முன்னே வருவது இந்நகைகளின் பெரிய வெற்றி.

கண்ணாடிப் பேழை இவற்றுக்கு முழு நியாயம் செய்வதில்லை. கழுத்தணி கழுத்தில் அமரும்போதுதான் அதன் கனமும் நெகிழ்வும் தெரியும். துணிக்கும் இதே குறை உண்டு: தொடக்கூடாத துணி பாதித் துணிதான்.

இழைக்கலைக் கண்காட்சி இந்த அளவுக்கு மனத்தில் ஊன்றவில்லை. அங்கே படைப்புகளை ஒன்றுசேர்த்தது இழை என்ற மூலப்பொருள். ஹூவின் கண்காட்சியை இணைத்ததோ செய்முறை. செய்முறையைப் பின்பற்றிப் பார்ப்பவருக்கு ஒரு படைப்பு அடுத்ததை விளக்கும். பொருள் மட்டும் பொதுவாக இருந்தால் அது நிகழ்வதில்லை.

1947இல் தொடங்கிய தெருவோரக் கலைச்சந்தையிலிருந்து 1975இல் உருவானது இந்த அருங்காட்சியகம். ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த கட்டடத்துக்கு 2001இல் குடிபெயர்ந்தது. 2003இல் மூடப்பட்டு, 2005இல் கைவினைக்கும் வடிவமைப்புக்கும் முதன்மை தந்து மீண்டும் திறந்தது. பணநெருக்கடியால் 2024 செப்டம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்கென நிலையான சேகரிப்பு இருந்ததில்லை. ஹூவின் கண்காட்சியையொட்டி வெளிவந்த நூல் இன்றும் உண்டு. ஆனால் கம்பி கம்பியைக் கவ்வும் தடிப்பு ஒளிப்படத்தில் தட்டையாகிவிடுகிறது.