காவி ஏறிய பாய்

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் கரையோரம் மால்டன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள ஹைத் துறையில் தேம்ஸ் பார்ஜ் எனப்படும் பழைய சரக்குப் படகுகள் இன்னும் நிற்கின்றன. ஓதம் வற்றினால் தட்டை அடியோடு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிடும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் பாயின் நிறத்தைத்தான். செங்கல்லும் அல்ல, துருவும் அல்ல. மழைவிட்ட மறுநாள் காலைச் செம்மண் வரப்பு.

அழகுக்காக யாரும் அதைப் பூசவில்லை. பூசணத்துக்குப் பயந்து பூசினார்கள்.

ஐப்பசியில் ஈரம் காயாமல் மடித்து வைத்த வேட்டியில் கருப்புப் புள்ளி விழுந்து பார்த்திருப்பீர்கள். வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. பருத்தியும் சணலும் பூசணத்துக்குச் சாப்பாடு. புள்ளி தெரியும்போதே அது நூலைத் தின்னத் தொடங்கியிருக்கும். கறையை ஒருவேளை வெளுத்துவிடலாம், போன பலம் திரும்பாது. வேட்டி கிழிந்தால் வேறு வேட்டி. நடுக்கடலில் பாய் கிழிந்தால்?

பெரிய கப்பல்களில் துறைக்கு வந்ததும் பாய்களை அவிழ்த்துத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வான் டெ வெல்டே தீட்டிய காற்றில்லாத கடற்காட்சிகளில் பாய்கள் துவண்டு தொங்குவதைக் காணலாம். பார்ஜில் அதற்கு வசதி குறைவு. அவ்வளவு பெரிய படகுக்குப் பல சமயம் ஆள் இரண்டே பேர், ஒரு மாலுமியும் ஒரு பையனும். பெரிய பாயைக் கீழே இறக்குவதே இல்லை. நாடகத் திரையைச் சுருக்குவதுபோல் கயிற்றால் இழுத்து மரத்தோடு ஒடுக்கிவிடுவார்கள். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் அந்த மடிப்புக்குள்தான் ஈரம். அதனால் காவிக்கல் பொடி, காட் மீனெண்ணெய், கடல்நீர் மூன்றையும் குழைத்துப் பாயைத் தரையில் விரித்து, இருபுறமும் தூரிகையால் தேய்த்து ஏற்றினார்கள். எண்ணெய் நீரைத் தள்ளும், இறுகிப்போகாததால் துணி மடங்கும். காவியிலுள்ள இரும்பு வெயிலைத் தடுக்கும். உச்சியில் கட்டும் சிறு முன்பாயை மட்டும் கழற்றி உலர்வாக உள்ளே வைத்துவிடுவார்கள். அது வெள்ளையாகவே இருந்தது. நிறம் எதற்கு என்று கேட்பவருக்கு அந்த வெள்ளைத் துணி போதும்.

கிட்டப் போய்ப் பாருங்கள். நிறம் ஒரே சீராக இருக்காது. வெயில் படும் முகடுகளில் வெளிறி, மடிப்புக் குழிகளில் ஈரல் நிறமாக இருண்டு, புதிதாகத் தைத்த ஒட்டு மட்டும் கல்யாண வீட்டுக் காவிப் பட்டைபோலப் பளிச்சென்று கிடக்கும். புதிதாகப் பூசிய பாயைவிட, சில பருவம் அடிபட்டதுதான் எனக்குப் பிடிக்கும். தோள் உரசினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு நல்ல சட்டையை அப்படி இழந்திருக்கிறேன்; வருத்தமில்லை.

மேற்கே டெவன், கார்ன்வால் மீனவர்களுக்கு வேறு வழி. ஓக் மரப்பட்டையைக் கொதிக்கவைத்து வலையையும் பாயையும் அதில் ஊறப்போட்டார்கள். பின்னால் ‘கச்’ என்ற கட்டி கப்பலில் வந்து இறங்கியது. அது வேறொன்றுமில்லை, நம் காசுக்கட்டி! இந்தியா, பர்மா காடுகளில் கருங்காலியின் வைரத்தை வெட்டிக் காய்ச்சி இறுக்கிய சாறு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்புக்குப் பக்கத்தில் கிடந்த அதே துவர்ப்புதான் கார்ன்வால் பாயையும் சிவக்க வைத்தது. துவர்ப்பு இருக்கும் இடத்தில் பூசணம் எளிதில் அண்டாது. நூல்வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிய நம் கடலோரத்தாருக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்ததே.

இப்போது பாலியெஸ்டர் பாய். பூசணத்தால் அந்த இழையைத் தின்ன முடியாது. மேலே படிந்த அழுக்கில் குடியிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுருட்டினால் போதும். சில பார்ஜுகளிலும் செயற்கைக் கித்தான் வந்துவிட்டது. காவி பூசவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஆலையிலேயே செம்பழுப்புச் சாயம் ஏற்றித் தருகிறார்கள். தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியவில்லை. அருகே போய் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.