டைலன் டாக்: எந்த நம்பரிலிருந்து ஆரம்பிப்பது?

அக்கா பையன் போன வாரம் ஆம்பூர் வந்திருந்தான். அலமாரியில் லயன் மேக்னம் ஸ்பெஷலைப் புரட்டிவிட்டு, "மாமா, இந்த டைலன் டாக் மொத்தம் எத்தனை புக்? ஒண்ணாம் நம்பர்லேர்ந்து படிக்கணுமா?" என்று கேட்டான். இத்தாலியில் நானூறைத் தாண்டிடுச்சுடா என்றேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டான். அவனுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நம்ம டெக்ஸ் வில்லரை வெளியிடும் அதே செர்ஜியோ பொனெல்லி நிறுவனம் 1986 அக்டோபரில் தொடங்கிய மாத இதழ் டைலன் டாக். உருவாக்கியவர் டிசியானோ ஸ்கிளாவி. நாயகன் ஸ்காட்லாண்ட் யார்டை விட்டு வந்தவன். லண்டனில் கிரேவன் ரோடு 7-ஆம் எண் வீடு, அழைப்பு மணியை அழுத்தினால் அலறல் சத்தம், நாள் கூலி 50 பவுண்டு, செலவு தனி. பேய், பிசாசு, போலீஸ் நம்பாத விவகாரம் என்றால் இவனிடம் வருவார்கள். குடிப்பதில்லை, கறி தின்பதில்லை, விமானம் ஏறப் பயம். துப்பாக்கியை மறந்துவிட்டு வருவான், உதவியாளன் க்ரௌச்சோ தூக்கிப் போடணும். துப்பறிவாளன் என்பதைவிட, மனசு லேசில் உடையும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

ஒண்ணாம் நம்பரிலிருந்து வரிசையாகப் போவதுதான் முறை என்று நினைப்பவர்கள் எப்போதும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சின்ன வயசில் எங்களுக்கு முதல் நம்பர் என்ற யோசனையே கிடையாது. பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததுதான் முதல் நம்பர். அட்டை இருக்காது, கடைசி நாலு பக்கம் இருக்காது. மாயாவி யார், கை எப்படி இரும்பாச்சு என்று தெரியாமலேயே அவர் ரசிகனாக ரெண்டு வருஷம் இருந்திருக்கிறேன். பொனெல்லி இதழ்களும் இதே மாதிரி வாசகருக்காகச் செய்யப்பட்டவைதான். ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருத்தர் ஸ்டேஷன் பத்திரிகைக் கடையில் ஒன்றை வாங்கினால், இறங்கும்போது கதை முடிந்திருக்கணும். அதனால் பெரும்பாலான கதைகள் தனித்தே நிற்கும்.

தமிழில் அப்படித்தான் நடந்தது. லயன் காமிக்ஸின் முப்பதாம் ஆண்டு மலராக 2014-இல் வந்த மேக்னம் ஸ்பெஷலில் டெக்ஸ், மார்ட்டின், ஜூலியா, ராபின் கூடவே டைலனும் வந்தான். கதை "அந்தி மண்டலம்". இத்தாலியில் அது ஏழாவது இதழ், 1987 ஏப்ரல். இன்வெராரி என்ற ஸ்காட்லாந்துச் சிற்றூர், எதுவுமே மாறாத ஊர். சாகும் தருவாயில் இருப்பவனை மனவசியத்தால் பாதியில் நிறுத்தி வைப்பதாக எட்கர் ஆலன் போ 1845-இல் ஒரு கதை எழுதினார், அதன் நிழல் இதில் விழுந்திருக்கிறது. ஆனால் போவின் கதையில் ஒரு மனுஷனுக்கு நடப்பது இங்கே ஒரு ஊருக்கே நடக்கிறது. அங்கே சாவதைவிட, சாகாமல் அப்படியே இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

இந்தத் தொடரின் ஆதாரமே இதுதான். பூதம் வெளியிலிருந்து வருவதில்லை. அந்தவகையில் தமிழ் வாசகனுக்குத் தற்செயலாக நல்ல கதவே திறந்தது. ஒண்ணாம் நம்பரில் வருவது நடைபிணங்கள். நன்றாகத்தான் இருக்கும், செத்த புருஷன் திரும்பி வந்து, அவனைக் கொன்ற மனைவி டைலனிடம் வருகிற அந்தத் தொடக்கம் அருமை. ஆனா நடைபிணப் படங்களாகப் பார்த்து வளர்ந்த இன்றைய பையனுக்கு அது தெரிந்த சரக்கு. "இதுதானா டைலன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

நான் அவனுக்குக் கொடுக்க நினைப்பது பத்தொன்பதாம் இதழ், 1988 ஏப்ரலில் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் "கண்ணுக்குத் தெரியாதவனின் நினைவுகள்". லண்டனில் விலைமாதர்கள் கொல்லப்படுகிறார்கள், டைலன் தேடுகிறான். அது ஒரு கதை. அதற்குள் இன்னொருத்தன் பேசிக்கொண்டே போகிறான். யாரும் அவனைக் கவனிக்காமல் கவனிக்காமல், ஒரு கட்டத்தில் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியாமல் போனவன். ஹெச். ஜி. வெல்ஸின் ஆள் மருந்து கண்டுபிடித்து மறைந்தான், நம்ம இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைவார். இவன் மறைய எந்த விஞ்ஞானமும் தேவைப்படவில்லை.

இதை முதலில் படித்தபோது நல்ல கற்பனை என்று மட்டும் தோன்றியது. 2015 ஜனவரி கடைசி நாள் விடிவதற்குள், ராணிப்பேட்டையில் டேனரிகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். பேப்பரில் நாலு நாள் வந்தது. இந்தப் பக்கத்து ஆள்தான் நான், தோல் வாசனையிலேயே வளர்ந்தவன். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர் பெயர்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் அந்த இதழை மறுபடி எடுத்தேன். கொலைகாரன் யார் என்பது இந்தத் தடவை ஒரு பொருட்டாகவே இல்லை. யாரும் பார்க்காதவனின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

திகில் கதைக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்கிளாவி எல்லா மாதமும் இதைச் செய்துவிடவில்லை. சில இதழ்களில் ரத்தம் சும்மா ரத்தம்தான், டைலன் மாதம் ஒரு பெண்ணைக் காதலிப்பது கொஞ்சம் சலிப்புதான்.

அடுத்து 81, "ஜானி ஃப்ரீக்". கால்கள் இல்லாத, காது கேட்காத, பேச முடியாத ஒரு பையன். அவனுக்கு அப்படி ஆனது எப்படி என்று தெரியும் இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைக்க வேண்டிவரும். மூலக்கதை மார்கெசெல்லி, திரைக்கதை மாதிரி அதை விரித்தவர் ஸ்கிளாவி. கண்ணீருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இழுக்கிறார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. இதற்குப் பிறகு ஒண்ணாம் நம்பருக்குப் போகலாம், இப்போது அந்த நடைபிணங்கள் வேறு மாதிரி தெரியும். "அந்தி மண்டலம்" பிடித்தவர்கள் 57-ஐத் தேடணும், 1991-இல் டைலன் அதே இன்வெராரிக்குத் திரும்புகிறான். நூறாவது இதழை மட்டும் தயவுசெய்து முதலில் தொடாதீர்கள். டைலன் யார் என்று சொல்லும் இதழ் அது. அவனோடு பழகாமல் அவன் ஜாதகத்தைப் படித்து என்ன பண்ண? 400-ஆம் இதழை ஒட்டி ரொபெர்டோ ரெக்கியோனி எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினார். அது பழையவர்களுக்கான சண்டை, புதியவர்கள் ஒதுங்கி நிற்கலாம்.

இத்தாலியன் தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் 1999-இல் ஆங்கிலத்தில் ஆறு இதழ்கள் போட்டது, பிறகு 2009-இல் ஏழு கதைகளாக ஒரே தடிப் புத்தகம் வந்தது. 1, 19, 81 மூன்றும் அதில் உண்டு. அதைத்தான் பையனிடம் கொடுத்தனுப்பினேன், 19-இல் ஒரு பேப்பர் துண்டு செருகி.

நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. "மாமா, நீங்க சொன்ன க்ரௌச்சோ எங்க? இதுல ஃபெலிக்ஸ்னு ஒருத்தன்தான் இருக்கான், மீசைகூட இல்ல." க்ரௌச்சோ மார்க்ஸ் மாதிரியே வரைந்திருப்பதால் அமெரிக்காவில் சட்டச் சிக்கல் வரும் என்று பெயரையும் மீசையையும் எடுத்துவிட்டார்கள் என்று பதில் போட்டேன். அந்த 19-ஐப் படித்தானா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை.