ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை: மருந்தின் வெற்றியும் முறையின் குறையும்

இரத்தத்தின் வழியே தொற்றும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ், ஆறு மாதங்களுக்கு மேலும் உடலில் தங்கிவிட்டால், அது நாள்பட்ட நோயாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டாமலேயே அது கல்லீரலைத் தழும்பேறச் செய்து, பலருக்கு இருபது முப்பது ஆண்டுகளில் சிரோசிஸ் எனப்படும் இறுகல் நிலையையும், அவர்களுள் சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. 1989இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸுக்கு எதிராக நெடுங்காலம் கையிலிருந்தவை, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் மட்டுமே. 48 வாரங்கள் நீண்ட அந்தச் சிகிச்சையில், முதலாம் மரபணு வகை வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே குணமடைந்தனர். காய்ச்சலையும் இரத்தசோகையையும் மனச்சோர்வையும் தாங்கமாட்டாமல் இடையில் நிறுத்தியவர்களும் உண்டு.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோஃபோஸ்புவிர் இந்த நிலையை மாற்றியது. வைரஸ் தன் மரபுச் சரத்தைப் படியெடுக்கும்போது இம்மருந்து ஒரு போலி அலகாக உள்ளே நுழைந்து, சரம் மேற்கொண்டு நீளாதபடி தடுத்துவிடுகிறது. 2016இல் இதனுடன் வெல்படாஸ்விர் சேர்ந்த ஒரே மாத்திரை வந்தபின், ஆறு முக்கிய மரபணு வகைகளுக்கும் 12 வாரச் சிகிச்சை போதும் என்றானது. சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பிறகும் இரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலை, அதாவது குணம், 95 விழுக்காட்டினருக்கு மேல் கிட்டியது. எந்த மரபணு வகை என்று அறியும் பரிசோதனைகூடப் பெரும்பாலும் தேவையற்றதாகிவிட்டதால், பொது மருத்துவரே சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. இம்முறையின் பெரும் பலம் இந்த எளிமைதான்.

ஆயினும் 12 வாரங்களுக்கு 84,000 டாலர் என்ற அறிமுக விலையைக் கண்டு அஞ்சிய அமெரிக்க மாநிலங்கள் பல, ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டில், கல்லீரல் வெகுவாகத் தழும்பேறியவர்களுக்கும், மதுவையும் போதைப்பொருளையும் விட்டவர்களுக்கும் மட்டுமே மருந்து என்று விதித்தன. உயிருக்கு ஆபத்து நெருங்கியவரை முதலில் காப்பது நியாயம்தான். ஆனால் குணப்படுத்தக்கூடிய தொற்றை வைத்துக்கொண்டு கல்லீரல் கெடும்வரை காத்திருக்கச் செய்வது மருத்துவமாகாது. அதைவிடக் கொடுமை, ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோரை விலக்கியது: பகிர்ந்த ஊசிகளின் வழியே தொற்று பெருகும் இடத்தில் ஒருவரைக் குணப்படுத்துவது, அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதையும் நிறுத்துவதாகும்.

இதற்கு நேரெதிரான வழியில் சென்றது எகிப்து. 1950களிலிருந்து 1980கள் வரை, நத்தைகளின் வழியே பரவும் பில்ஹார்சியா நோய்க்கு அங்கே அரசு பெருந்திரளாக ஊசி போட்டது. சரிவரக் கிருமிநீக்கம் செய்யாத ஊசிகள் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் பயன்பட, ஒரு நோயைத் தீர்க்கப்போய் மற்றொன்று ஊரெங்கும் பரவியது. 2014இல் சோஃபோஸ்புவிருக்கு மாதத்துக்கு 300 டாலர் என்று விலையைப் பேசி முடித்த அந்நாடு, பின்னர் உள்நாட்டிலேயே மலிவாக மருந்தைத் தயாரித்தது. ஆனால் நோய் இருப்பதை அறிந்தவர்களின் வரிசை தீர்ந்ததும், அறியாதவர்களே மிகுதி என்பது புலப்பட்டது. எனவே 2018 அக்டோபர் முதல் ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு, விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு பரிசோதனை நடந்தது. தொற்று இருந்தவர்களுக்குச் சிகிச்சை இலவசம். மருந்தை விலை குறைத்து வாங்குவது பாதி வேலையே என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாடு வேறில்லை.

இம்முறையிலும் இடைவெளிகள் இல்லாமலில்லை. விரல் நுனி இரத்தத்தில் செய்யும் எதிர்ப்பொருள் பரிசோதனை, தொற்று எப்போதோ ஏற்பட்டிருப்பதை மட்டுமே சொல்லும். வைரஸ் இப்போதும் உள்ளதா என்பதை மற்றொரு பரிசோதனைதான் உறுதிசெய்ய வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நோயாளிகள் நழுவிவிடுகின்றனர். தடுப்பூசி இல்லாததால் குணமடைந்தவருக்கும் தொற்று மீண்டும் வரலாம். ஹெபடைட்டிஸ் பி தொற்றும் உடனிருந்தால், சி ஒழிந்ததும் அது சீறியெழக்கூடும் என்பதால் முன்கூட்டியே சோதித்தாக வேண்டும். சிரோசிஸ் நிலையை எட்டியபின் குணமடைந்தவருக்கோ புற்றுநோய் ஆபத்து குறைகிறதே தவிர நீங்குவதில்லை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கவேண்டிய அவரை, 12ஆம் வாரத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளும் திட்டங்கள் கைவிட்டுவிடுகின்றன. கல்லீரல் தழும்பேறுமுன் அந்த மாத்திரை கிடைத்திருந்தால், அவர்களில் பலருக்கு அந்த ஸ்கேனே தேவைப்பட்டிருக்காது.